புல்லட்டின் அந்தச் சின்ன வால்வை அடைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் மஞ்சூரில் குடியிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 66. வருடா வருடம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் தங்கள் நாளிதழில் ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கத்து உறைபனிப் படங்கள் வரும். புல்வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். சில படங்களில் ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும், சீட்டின் மேல் கல் உப்பைத் தூவினாற்போல் பனி படிந்திருக்கும். அந்த வண்டியைக் காலை ஆறு மணிக்குக் கிளப்பி வேலைக்குப் போயாக வேண்டியவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன டிசம்பரில் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இருபத்திரண்டு வயது. விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றபடி கிக்கர் மிதித்ததில் முறிந்தது. அவன் தாத்தா வைத்திருந்து அவனுக்கு வந்து சேர்ந்த பழைய 350 புல்லட் அது. சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இன்ஜின் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, குரோம் பூசிக் கொண்டுவந்திருந்தான். காலை ஐந்து டிகிரிக் குளிர். காலில் ரப்பர் செருப்பு. நாலைந்து தடவை அரை மனதாக மிதித்திருக்கிறான், வண்டி பிடிக்கவில்லை. அடுத்த மிதிக்குக் கிக்கர் திருப்பி அடித்துவிட்டது. அவன் போட்ட சத்தம் என் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து அந்த வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் கிளட்ச் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லிவர் பளபளவென்று குரோம் பூசி அப்படியே இருந்தது. அதிலிருந்து கீழே போக வேண்டிய கேபிளைக் காணோம். சிலிண்டர் ஹெட்டில், நெருக்கிய காற்றை வெளியே விடும் டீகம்ப்ரஸர் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தார்கள். அன்று சாயந்திரம் கட்டுப்போட்ட காலோடு வந்த பையனிடம் கேட்டேன். "அது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொன்னாங்க தாத்தா, லீக் ஆகுது, வேண்டாம்னு எடுத்துட்டாங்க" என்றான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. ஒருவர் செய்த தவறு என்றால் அவரிடமே போய்ச் சொல்லியிருப்பேன். கடந்த பத்து வருடத்தில் இந்த மலைக்கு வரும் பழைய புல்லட்டுகளில் பாதியில் அந்த ஓட்டை அடைபட்டுத்தான் இருக்கிறது. என் கண்ணில் பட்ட வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

டீகம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதை யாரும் அடைக்க மாட்டார்கள். பழைய 350 புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், அது மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். பிஸ்டனின் தலைப்பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் மேலே ஏறி நெருக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் எழுந்தால்கூட, பிஸ்டனைக் கீழே தள்ளும் பாரம் 270 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். 500 சிசி வண்டியில் பிஸ்டன் 84 மில்லிமீட்டர், அதே கணக்கில் 390 கிலோ வரை போகும். ஒற்றை சிலிண்டர் என்பதால் இந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு பிஸ்டன் இல்லை. கிக்கரிலும் பல்சக்கரங்களிலும் நமக்குக் கொஞ்சம் நெம்புபலம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்த உச்சியை ஏறிக் கடக்கும் நேரத்தில் மிதிப்பவரின் உடம்பு எடை முழுவதும் போதாமல் கால் அந்தரத்தில் நின்றுவிடும். புல்லட் மிதித்தவர் எல்லோருக்கும் அந்த நிலை தெரியும்.

டீகம்ப்ரஸர் என்பது ஹெட்டில் பொருத்திய ஒரு குட்டி வால்வு. லிவரை இழுத்தால் அது திறந்து, நெருக்கப்பட்ட காற்று 'புஸ்ஸ்' என்று வெளியே போய்விடும். பிஸ்டனைச் சிரமம் இல்லாமல் உச்சிக்கு ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். லிவரை விட்டால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், சிலிண்டருக்குப் பழைய பலம் முழுதாகத் திரும்ப வந்துவிடும்.

குளிரில் இதன் அருமை ஏன் கூடுகிறது? சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இன்ஜினில் ஊற்றும் 20 டபிள்யூ 50 ஆயில் இங்கே விடியற்காலையில் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். பிஸ்டன், கிராங்க், கியர்ப்பெட்டி எல்லாம் அந்தக் கெட்டி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு சுற்ற வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலும் குளிரில் சரியாக ஆவியாகாது, சொட்டுச் சொட்டாக உள்ளே போய்ச் சுவரில் படிந்துவிடும். பேட்டரி சோர்ந்திருக்கும், அதனால் பொறியும் மங்கல்தான். இத்தனைக்கும் ஒரே மருந்து இன்ஜினை வேகமாகச் சுற்றவைப்பது. வேகமாகச் சுற்றினால் காற்று வேகமாகப் பாய்ந்து பெட்ரோலைத் தூளாக்கும். நெருக்கும்போது எழும் சூடு இரும்புச் சுவரில் ஆறிப்போக நேரம் இருக்காது. மெதுவாகச் சுற்றினால் இவற்றில் எதுவும் நடக்காது. ஆக, கெட்டி எண்ணெய் பிடித்து இழுக்கும் அதே காலையில்தான் வேகமும் அதிகம் தேவைப்படுகிறது. இதில் கம்ப்ரஷனின், அதாவது காற்றை நெருக்குவதன், முட்டுக்கட்டையையாவது விலக்கி, காலின் பலம் முழுவதையும் வேகமாக மாற்றித் தருவது அந்தக் குட்டி வால்வு.

இதை நான் புல்லட்டில் கற்றுக்கொள்ளவில்லை. சத்தியமங்கலம் பக்கம் என் சித்தப்பா தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. கரண்ட் வராத காலம். பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் தண்ணீர் பாய்ச்ச அதைச் சுற்றிவிடுவது என் வேலை. தலைப்பக்கம் ஒரு லிவர் இருக்கும், அதைத் தூக்கி வைத்துவிட்டுக் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். லிவர் தூக்கியிருந்தால் வால்வு மூடாது, காற்று வந்து வந்து போகும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கூடச் சுற்றலாம். பெரிய ஃப்ளைவீல் வேகம் பிடித்ததும் சித்தப்பா "இப்ப விடு!" என்பார். லிவரைத் தட்டிவிட்டதும் ஃப்ளைவீல் தன் வேகத்திலேயே கம்ப்ரஷனைத் தாண்டிப் போகும், 'டுப்... டுப்... டுப்டுப்டுப்' என்று புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது, நெருக்கத்தில் எழும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். அதற்காகப் பெட்ரோல் இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நெருக்குவார்கள். அந்த லிவர் இல்லாமல் கையால் சுற்றுவது நடக்காத காரியம். சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் நினைவில் இருக்கிறது: கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. இன்ஜின் திருப்பி அடித்தால் கைப்பிடி தானாக நழுவிப் போகும், கட்டைவிரல் பிழைக்கும். பிறகு 1978-ல் தொழிற்சாலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தபோது, ஜெனரேட்டர் அறையில் இருந்த டீசல் இன்ஜினைப் பார்த்ததும் முதலில் என் கண் அந்த லிவரைத்தான் தேடியது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போய்விடும், இலை வாடித் தொட்டியில் கிடக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் பிடிக்காவிட்டால் அன்றைய கொழுந்து வீண். லிவர் சரியாக வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது என் பொறுப்பில் இருந்தது.

புல்லட் எங்கள் மாநிலத்து வண்டி. 1955-ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படி நம் ஊரில் பிறந்து வளர்ந்த வண்டியைக் கிளப்பும் முறை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது 1974 மாடல், 1986-ல் ஒரு எஸ்டேட் கண்டக்டரிடம் வாங்கினேன். முப்பத்தொன்பது குளிர்காலம் தாண்டிவிட்டது. ஒருமுறைகூடக் கிக்கர் என் காலை அடித்ததில்லை. என் காலில் தனி பலம் எதுவும் இல்லை. நான் தினமும் செய்வதை அப்படியே எழுதுகிறேன், புல்லட் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் வண்டியில் செய்து பார்க்கட்டும்.

முதலில் சாவி போடாமலே கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று தடவை மிதிப்பேன். ஒட்டிக்கிடந்த தட்டுகள் பிரியும். பிறகு கிளட்ச்சை விட்டுவிட்டு, டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடித்தபடி நாலு தடவை நிதானமாக மிதிப்பேன், எண்ணெய் கொஞ்சம் இளகி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பெட்ரோல் டேப் திறந்து, சோக் போட்டு, அப்புறம்தான் சாவி. ஹெட்லைட் தொப்பியில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். விளக்கு எரியக் கூடாது. கிக்கரைக் கையால் அழுத்துகிற மாதிரி மெல்ல இறக்கினால் முள் ஒரு கட்டத்தில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னும் இறக்கினால் நடுவுக்கு வந்துவிடும். பொறியை எழுப்பும் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். காலுக்கு அங்கே ஒரு கெட்டியான தடையும் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸரை இழுத்து, கிக்கரை இன்னும் இரண்டு விரல் அளவு மட்டும் இறக்க வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டது. இப்போது லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீளமான மிதி. குதிக்க வேண்டியதில்லை, நடுவில் நிறுத்தவும் கூடாது. மிதி முடியும்வரை காலைக் கிக்கரிலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு விரல் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கிருந்து அடுத்த கம்ப்ரஷன் தொடங்க இன்ஜின் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். அந்த ஒன்றரைச் சுற்றும் தடையில்லாத பாதை. கால் தரும் பலமெல்லாம் ஃப்ளைவீலில் சேர்ந்துவிடும், கம்ப்ரஷன் வரும்போது ஃப்ளைவீல் அதை இடித்துக்கொண்டு போய்விடும். ஆயில் இன்ஜினில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், அதனால் முதலில் வேகம், பிறகு லிவர். புல்லட்டில் ஒரே ஒரு மிதிதான் கிடைக்கும், அதனால் முதலில் லிவர், பிறகு வேகம். பிள்ளைகள் சிலர் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே கடைசிவரை மிதிக்கிறார்கள். கம்ப்ரஷன் இல்லாமல் வண்டி எப்படிப் பிடிக்கும்? நாலு முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு 'இது தண்டம்' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருப் பையனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், கம்ப்ரஷனுக்குச் சற்று முன்னால் இருந்து மிதித்திருக்கிறான். கெட்டி எண்ணெயும் சேர்ந்து இழுக்க, பிஸ்டன் தட்டுத் தடுமாறி உச்சிக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது பொறி விழுந்திருக்கிறது. உச்சியைத் தாண்ட ஃப்ளைவீலில் வேகம் இல்லை. பற்றிய பெட்ரோல் பிஸ்டனை வந்த வழியே கீழே தள்ளிவிட்டது, கிராங்க் தலைகீழாகச் சுற்றிக் கிக்கரைக் காலோடு மேலே எறிந்துவிட்டது. நான் பிறகு பிரித்துப் பார்த்தபோது டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், முன்னுக்கு இருந்தது. பாயிண்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் யூனிட்டில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, எடைகள் சுருங்காமல் நின்றுவிட்டன. மெதுவாகச் சுற்றும்போது பொறி தாமதமாக விழ வேண்டும், அதற்குத்தான் அந்த யூனிட். பெயின்டுக்கும் குரோமுக்கும் அவ்வளவு செலவு செய்த வண்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டிய இடத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை. பழைய புல்லட்டை ரெஸ்டோர் செய்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் அது.

டீகம்ப்ரஸர் லீக் ஆகும் என்ற குறை பொய்யில்லை. வால்வு உட்காரும் இடத்தில் கரி படியும், அல்லது கேபிள் இறுக்கமாக இருந்து வால்வை எப்போதும் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். சூடான வாயு அந்த இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தால் வால்வு அரித்துப்போகும், வண்டிக்கு இழுவை குறையும். ஆனால் இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். கழற்றி, கரியைச் சுரண்டி, கொஞ்சம் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றி, லிவரில் ஒரு கடுகளவு ஆட்டம் இருக்கும்படி கேபிளைப் பிடித்தால் பல வருடம் ஓடும். அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு போல்ட்டை முறுக்கிவிடுவதை நான் மெக்கானிக் வேலையாக ஏற்க மாட்டேன். அப்படி அடைத்தே தீர வேண்டும் என்றாலும், வண்டிக்காரரிடம் "இனி இது இல்லை, கிக்கரில் கவனம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எங்கள் பையனிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது வரும் வண்டிகளில் கிக்கரே இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிக்கர் போய்விட்டதே தவிர டீகம்ப்ரஸர் போகவில்லை, இன்ஜினுக்குள்ளே ஒளிந்துகொண்டது. 2009-ஐ ஒட்டி வந்த, இன்ஜினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டில் இருக்கும் யூனிட் இன்ஜின் என்ஃபீல்டுகளில் ஹேண்டில்பார் லிவர் கிடையாது, ஆனால் புகை வெளியேறும் வால்வைத் திறக்கும் எக்ஸ்ஹாஸ்ட் கேமில் தானியங்கி டீகம்ப்ரஸர் இருக்கிறது. கேடிஎம் 390 மாதிரி அதிகம் நெருக்கும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளிலும் உண்டு. ஒரு சின்ன எடை, ஒரு ஸ்பிரிங், ஒரு முளை, அவ்வளவுதான். இன்ஜின் நிற்கும்போது ஸ்பிரிங் அந்த முளையைக் கேமின் மேல் துளி நீட்டி வைத்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த முளை எக்ஸ்ஹாஸ்ட் வால்வைக் கம்ப்ரஷன் நேரத்தில் கொஞ்சூண்டு திறந்து மூடும். பாதிக் காற்று போய்விடும், மோட்டாருக்குப் பாரம் குறையும். இன்ஜின் பிடித்து வேகம் ஏறியதும், ஐட்லிங்குக்கு வருமுன்பே, எடை வெளிப்பக்கம் விரிந்து முளையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் கை செய்த வேலையைச் சுழற்சியே செய்துகொள்கிறது. முதல்முதல் ஓர் இன்ஜினைத் திறந்து இதைப் பார்த்த அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஜப்பான்காரர்கள் யமஹா எஸ்.ஆர். வண்டியில் வேறு வழி செய்தார்கள்: லிவரோடு கூட, ஹெட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். லிவரை இழுத்து மெல்லச் சுற்றினால் மிதிக்க வேண்டிய இடம் வந்ததும் ஜன்னலில் அடையாளம் தெரியும். நமக்கு ஆம்பியர் மீட்டர் முள் செய்யும் வேலை அது.

இந்தத் தானியங்கிச் சமாச்சாரத்திலும் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இங்கே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர் ஒற்றை சிலிண்டர் செல்ஃப் ஸ்டார்ட் வண்டி வைத்திருக்கிறார். குளிர் தொடங்கியதும் காலையில் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்படியே நின்றுவிடும். மத்தியானம் வெயிலில் பிடித்துக்கொள்ளும். பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். மறுபடி அதே 'டக்'. இன்னொரு பேட்டரி மாற்றினார். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னபோதுதான் அழாக்குறையாக என்னிடம் வந்தார். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் மூடியைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்ஹாஸ்ட் டேப்பெட் தளர்வாக வைக்கப்பட்டிருந்தது, இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு இடைவெளி. அந்த முளை வால்வைத் தூக்குவதே கடுகளவு. இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் முளை நீட்டினாலும் வால்வைத் தொடாது, டீகம்ப்ரஸர் இருந்தும் இல்லாத கணக்கு. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை ஆறே காலுக்கு அவரே போன் செய்து அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்கவைத்தார். குளிரில் செல்ஃப் முக்கினால் பேட்டரிக் கடைக்குப் போகும் முன் டேப்பெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி உண்மையிலேயே தளர்ந்தும் இருக்கலாம், அதையும் அளந்து பாருங்கள். ஆனால் அளக்காமல் மாற்றாதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழில் புது வண்டிகள் வரும்போது அதன் நிறம், விலை, போனோடு இணைக்கும் வசதி எல்லாம் பக்கம் நிறைய வருகிறது. நவம்பர் மாதத்தில், குளிர் தொடங்கும் முன், குளிரில் வண்டியைக் கிளப்புவது பற்றி ஒரு கால் பக்கம் போடுங்கள். படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று விடியலில் வேலைக்குப் போகும் ஜனம் நிறைய இருக்கிறது. கூடவே சுற்றுலா வரும் பிள்ளைகள் சமவெளியிலிருந்து வாடகைக்கும் இரவலுக்கும் புல்லட் எடுத்து வருகிறார்கள், விடுதி வாசலில் காலை வேளையில் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருப்பதை நான் பார்க்காத குளிர்காலம் இல்லை. செருப்புக் காலோடு மிதிக்க வேண்டாம் என்று அதில் முதல் வரியாகவே போட வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால், ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டைக் குறுக்கே அறுத்து டீகம்ப்ரஸர் வால்வு தெரியும்படி வைத்து மாணவர்களுக்குக் காட்டுங்கள். புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போகும் விஷயம், கையில் தொட்டால் மறக்காது. என் சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் லிவரைத் தூக்கவைத்தும் விடவைத்தும் கற்றுக்கொடுத்தது ஐம்பத்து நாலு வருடமாக என் கையில் இருக்கிறது.

பையனின் கட்டைப் பொங்கல் கழிந்து பிரித்தார்கள். அவன் வண்டி அதுவரை என் வீட்டு முன்கொட்டகையில் இருந்தது. அடைத்திருந்த போல்ட்டை எடுத்தபோது மரையும் பாதி போயிருந்தது, மறுபடி மரை வெட்டிப் புஷ் போட வேண்டியதாயிற்று. வால்வும் ஸ்பிரிங்கும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். அட்வான்ஸ் யூனிட்டைக் கழுவி எண்ணெய் விட்டேன், டைமிங் பிடித்தேன், புதுக் கேபிளை அவன் கையாலேயே மாட்டவைத்தேன். இன்னும் ஒரு மாதத்துக்கு அந்தக் காலால் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் காலையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு லிவரைப் பிடிக்கிறான், நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதிக்கிறேன். முள் நடுவுக்கு வந்ததும் "இப்ப நிறுத்துங்க தாத்தா" என்கிறான். நேற்றுக் காலை ஆறு டிகிரி, முதல் மிதியிலேயே பிடித்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்,
மஞ்சூர், நீலகிரி மாவட்டம்.